முப்பதாவது பேர்

— எந்தக் குட்டி அவ? அத்த மட்டும் சொல்லு டீச்சரம்மா. என் பொண்ணு பேரைக் கூப்ட்டதுக்கு எந்திரிச்சி நின்னாளே, அவ யாரு?

— கெங்கம்மா, முதல்ல கூடையைக் கீழே இறக்கு. பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. உட்கார்ந்து நிதானமா பேசலாம்.

— குந்தறதுக்கு வரல நானு. மத்தியானம் என் சின்னவ அய்துக்கினே ஓடியாறா. "யம்மா, அக்கா பேருக்கு வேற ஒருத்தி உள்ளேன் டீச்சர்ங்கிறா"ன்னு தேம்புறா. ஐப்பசி மாசம் வலைக்கயித்தைப் புட்ச்சிக்கினு நின்னவளைக் கடல் இஸ்துக்கினு போச்சு. அவ பேர்ல டிராமா போட்றியா நீ?

— டிராமாதான். இல்லேன்னு சொல்லலை. நாளைக்கு இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க, அதுக்கு இன்னிக்கு ஒத்திகை பார்த்தேன். அந்தப் பொண்ணு பேர் வஜீஹா. மீர்சாகிப்பேட்டையில ஒரு சின்ன உர்தூப் பள்ளிக்கூடத்துல படிக்கிறா. நாளை ஒரு நாளைக்கு மட்டும் கடன் கேட்டிருக்கேன்.

— கடனா? உப்பு, புளி கேப்பாங்க. பொண்ணைக்கூடவா கடன் கேப்பாங்க?

— எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான், கேளும்மா. இன்ஸ்பெக்ஷன் அன்னிக்குத் தலை குறைஞ்சா, அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை வரவழைச்சு, வராதவங்க பேருக்குப் பதில் சொல்ல வைக்கிறது. தை மாசம் அவங்களுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தப்போ நம்ம பிள்ளைங்க போகலையா? உன் சின்னவளே அன்னிக்கு அஸ்மத்துன்னிசாவா உட்கார்ந்துட்டு வந்தவதானே.

— இன்னாது! என் குப்பம்மாவா?

— தலையில முக்காடெல்லாம் போட்டுத்தான். பேர் கூப்பிட்டா ஹாஜிர்னு சொல்லணும்னு வழியெல்லாம் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். இவ எழுந்து நின்னு, "ஆமாங்க, நான்தாங்க"ன்னுட்டா.

— அடிப்பாவி! அதான் அன்னிக்குக் கஞ்சி வோணாம்னு மொகத்தைத் திருப்பிக்கினாளா? கிட்ட போனா வாயெல்லாம் நெய் வாசனை. எங்கடி துன்னேன்னு கேட்டா, வாயே தொறக்கல.

— பாயசம் குடுத்தாங்களாம். ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சா.

— குடிப்பா, குடிப்பா. அது சரி, அந்த அஸ்மத்துன்னிசா இன்னா ஆனா?

— கல்யாணமாகி வேலூருக்குப் போயிட்டா.

— பாத்தியா? அது எங்கியோ உசுரோட கீது. யாரு வேணா அது பேர்ல பாயசம் குடிக்கலாம். என் தாயம்மா கதை அதுவா? ஒடம்பு கெடைக்கல. நான் காரியமும் பண்ணல. கடலுக்குள்ள போனவ பேருக்கு இன்னொருத்தி பதில் சொன்னா, அவ எடத்தை இவ எடுத்துக்கினா மாதிரி. அப்றம் திரும்பி வர்றவ எங்க குந்துவா?

— நீ இப்படிச் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட வாயைத் திறக்கலை. தப்புதான். ஆனா எனக்கு வேற வழி இருந்தா காட்டு. நம்மது கவர்ன்மெண்டு கிராண்டுல ஓடற பள்ளிக்கூடம். முப்பது பெண்கள் வருஷம் முழுக்கப் படிச்சிருக்கணும், நாளைக்கும் முப்பது பேர் கண் முன்னால உட்கார்ந்திருக்கணும். தாயம்மாவைச் சேர்த்துத்தான் முப்பது.

— புச்சா ஒண்ணைச் சேத்துக்கோயேன். எங்க குப்பத்துல குட்டிங்களுக்கா பஞ்சம்?

— இப்போ சேர்த்தா இந்த வருஷத்துக்குச் செல்லாது. ஒண்ணு குறைஞ்சாலும் கிராண்ட் நின்னுடும். நம்ம வார்டு கவுன்சிலர் அதுக்குத்தான் காத்துட்டிருக்கார். கோயில் குளத்தங்கரையில ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்போது குப்பத்துக்குத் தனியா எதுக்குன்னு கூட்டத்துலயே கேட்டாராம்.

— அங்க எங்க குட்டிங்களைச் சேத்துப்பாங்களாமா?

— சேர்த்துக்கணும்னு உத்தரவு இருக்கு.

— உத்தரவு கீது. மூக்கைப் பொத்திக்கினு வாசப்படியாண்ட குந்த வெப்பாங்க. ரெண்டு நாள் போவா என் சின்னவ. மூணாம் நாள் கூடையைத் தூக்கிக்கினு என் பின்னால வந்துடுவா. போன வாரம் லஸ் முனையாண்ட டிராம் போர்டை எய்த்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சா, தெரியுமா? நடு ரோட்டுல நின்னுக்கினு. மணி அட்ச்சி அட்ச்சிப் பாத்துட்டு அந்த டிராம்காரன் திட்டுனான் பாரு, எங்க பரம்பரையே எந்திரிச்சி வந்திருக்கும். ஆனா படிச்சி முட்ச்சிட்டுத்தான் நவுந்தா.

— முழுசாப் படிச்சாளா?

— முழுசா. அந்தக் கவுன்சிலரு எங்களாண்ட வந்து ஒரு வார்த்தை கேட்டாரா?

— அவர் எதுக்கு வந்து கேட்கணும்? வீட்டு வரி கட்டறவங்களுக்குத்தான் ஓட்டு. ஓட்டு இருக்கிற தெரு கேட்டாத்தான் பள்ளிக்கூடம். உங்க குடிசைக்கு வரியும் இல்லை, ஓட்டும் இல்லை.

— மார்க்கெட்டுல கூடைக்குக் கூடை சுங்கம் புடுங்கறானே, அது வரி இல்லியா? அதுக்கு எனக்கு இன்னா குட்த்தான்?

— சீட்டு குடுத்திருப்பான்.

— சீட்டுதான் குட்த்தான். நல்லா சொன்ன போ.

— எங்க வீட்டுக்காரர் வேதநாயகம் இந்தக் கீத்துக் கொட்டாயைப் போட்டப்போ, ஆறு மாசம் தாங்காதுன்னு சிரிச்சாங்க. அவர் போய்ச் சேர்ந்தார், கொட்டாய் நிக்குது. போன வருஷம் உப்புக் காய்ச்ச வந்தவங்களைப் போலீஸ் விரட்டி விரட்டி அடிச்சப்போகூட நான் இந்தப் படல் கதவைச் சாத்தலை. ஒரு பேர் குறைஞ்சு சாத்தணுமான்னுதான்...

— இரு, இரு. ஐப்பசியிலேர்ந்து வராதவ, வருஷம் முழுக்க வந்தாப்ல உன் ரிஜிஸ்டர்ல எப்டி கீறா?

— நான்தான் தினமும் ஆஜர் போட்டேன். பொய்தான். ஆண்டவர்கிட்ட ராத்திரி அதைச் சொல்லாம நான் படுத்ததில்லை. முதல்ல கிராண்டுக்காகத்தான் போட்டேன். அப்புறம் ஒரு நாள் மனசு கேட்கலை, அந்தப் பேரைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிட்டேன். உடனே பிள்ளைங்க எல்லாம் ஒரே குரலா, "டீச்சர், தாயம்மாவை வுட்டுட்டீங்க"ன்னுதுங்க. அதிலேர்ந்து தாண்ட முடியலை, கெங்கம்மா. கூப்பிடுவேன். கூப்பிட்டுட்டு நிறுத்துவேன். பிள்ளைங்க தலையெல்லாம் வாசல் பக்கம் திரும்பும். அலைச் சத்தம் ஒண்ணு வந்து போகும். அதுக்கப்புறம்தான் என் வாயில அடுத்த பேர் வரும்.

— அவ எடத்துல யாரு குந்தறாங்க?

— யாரும் உட்காரலை. நான் சொல்லலை, அதுங்களாவே விட்டுடுச்சுங்க. காலையில வந்து பெருக்கினா அந்த இடத்துல மட்டும் மணல் ஈரமா இருக்கும்.

— கூரை ஒய்வுதா?

— பங்குனி வெயில்ல எங்கேர்ந்து ஒழுகறது?

— நீ பயப்படலியா?

— ஏன் பயம்? கையெழுத்து அழகா இருக்குன்னு நான் சொன்னா ஓரக்கண்ணால சிரிச்ச பொண்ணு. ஈரத்தை ஒதுக்கித் தள்ளிட்டு மணி அடிச்சுடுவேன். உன்னைத்தான் என்னால தாங்க முடியலை. தினமும் பேர் கூப்பிடற நேரத்துக்கு வேலியோரம் கூடையோட வந்து நிக்கறே. மார்க்கெட்டுக்கு நேரமானாலும், அவ பேர் வர்ற வரைக்கும் நின்னு கேட்டுட்டுத்தான் போறே. இன்னிக்காவது பதில் வருமான்னு நிக்கறாளே இவன்னு ரிஜிஸ்டர்ல முகத்தைப் புதைச்சுக்குவேன்.

— அதுக்குத்தான் நிக்கறேன். வேற எதுக்கு?

— சரி, போதும். உன் முகத்தைப் பார்த்துட்டு இதை என்னால செய்ய முடியாது. வஜீஹா வேண்டாம். நாளைக்கு இன்ஸ்பெக்டரம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். அவங்க முன்னாலயே பேரை அடிச்சுடறேன்.

— அட்ச்சிட்டா?

— இருபத்தொன்பது. பள்ளிக்கூடம் மூடும்.

— பேரு?

— எந்தப் பேர்?

— காலைல கூப்புடுவியே, அது.

— பள்ளிக்கூடமே இல்லேன்னா யார் கூப்பிடறது, கெங்கம்மா? எங்கே நின்னு கூப்பிடறது?

— இந்தக் கூடையை ஒரு கை இறக்கி வுடு.

— என்னம்மா? அப்போவே இறக்கச் சொன்னேனே, குடு.

— அந்த வஜீஹாக் குட்டியை வரச் சொல்லு.

— என்ன சொல்றே?

— காலைல வெள்ளனவே வரச் சொல்லு. தாயம்மா ரெட்டைச் சடை போடுவா. நானே அதுக்குப் பின்னி வுட்றேன். அப்றம், உள்ளேன்னு வெடுக்குன்னு சொல்லக் கூடாது. என் பொண்ணு கொஞ்சம் இஸ்துச் சொல்லுவா. அத்த நீ சொல்லிக் குடு.

— கெங்கம்மா, இப்போதானே இடம் போயிடும்னு சண்டை போட்டே? நாளைக்கே தாயம்மா கடல்லேர்ந்து வந்து அந்த வாசல்ல நின்னா, நான் என்ன பதில் சொல்லுவேன்?

— வர மாட்டா டீச்சரம்மா. அந்த ஐப்பசியிலியே பாலவாக்கத்துல கரை ஒதுங்குனா. நான்தான் ஒண்டியா மண்ணு தள்ளிட்டு வந்தேன். சொன்னா நீ பேரு கூப்புடறதை நிறுத்திடுவேன்னு குப்பத்துல ஒருத்தராண்டயும் மூச்சு வுடல.