ஓரத்தில் நின்ற அண்ணன்

"உங்க கேமராவுக்கு எங்க அம்மா வூட்டு ஆளுங்க மட்டும் தெரியாதா?" நெய்வேலி டவுன்ஷிப் பேருந்தில், முன் சீட்டுப் பெண் கணவரிடம் இப்படிக் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் எடுத்த காதுகுத்துப் படம் அவள் போனில் இருந்தது.

"லென்ஸ் ஃபிலிம் காலத்துதும்மா, அதுல படம் பெருசா வுழும். இந்தக் கேமராவுல படம் வுழுற சென்சார் சின்னது. அதான் ஓரத்துல நின்னவங்க வெட்டுப்பட்டுட்டாங்க."

"அப்ப ரெண்டு ஓரமும்தான வெட்டுப்படணும்?"

"ஆமா, ரெண்டும்தான்."

"இந்த ஓரத்துல எங்கண்ணனுக்குப் பாதி மூஞ்சியக் காணோம். அந்த ஓரத்துல உங்க அக்கா முந்தானைகூட முழுசா இருக்கு. கேமராவுக்குள்ள பாத்துக்கினுதான எடுத்தீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சின்னதா இருக்கிறது சென்சார் இல்லீங்க" என்றாள்.