லண்டன் நேரத்தில் தூங்கியவர்

மலேசியாவில், இரவு வேலை முடிந்து கெலாங் பாத்தா ஊருக்குத் திரும்பும் தொழிற்சாலைப் பேருந்து. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் கழுத்தில் பயணத் தலையணை, நெற்றியில் கறுப்புக் கண்பட்டி.

"எனக்கு இப்ப லண்டன் நேரம், மேரி. அங்க நடுராத்திரி. நான் தூங்கணும்."

"பிளேன் அடுத்த வாரந்தானேக்கா!"

"அதுக்குத்தான் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். இங்க ராத்திரி முழிச்சிருந்தா அங்கத்துப் பகல் பழகிடும். போன தடவ மகன காலேஜில விடப் போயி, உக்காந்த எடத்துலல்லாம் தூங்கி வழிஞ்சேன். இப்ப எறங்குன மறுநாளே அவனுக்குப் பட்டமளிப்பு."

"அலமாக், கொஞ்சம் கண்ணசந்தா என்னா? வீடியோ இருக்கும் லா."



"ஐசி அட்டையில இருக்கற மாதிரியே முழுப் பேரையும் வாசிப்பாங்களாம். இன்னாரோட மகன்னு, 'அனாக் லெலாகி'ன்னு சொல்லி அவங்கப்பா பேரையும். வெள்ளைக்காரங்களுக்கு எப்படிச் சொல்லணும்னு மகன் சொல்லிக் குடுத்திருக்கான். அவரு இதப் பாக்காமலே போயிட்டாரு. அந்தப் பேர அங்க நான் காதால கேக்கணும், மேரி."

கண்பட்டியை இறக்கிக்கொண்டு தூங்கிப்போனார்.

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. மேரி தோளைத் தொட்டு எழுப்பவில்லை. வாயருகே கையைக் குவித்து, மேடையில் அறிவிப்பதுபோல் கூப்பிட்டார்:

"குமரன் அனாக் லெலாகி செல்லையா!"

மூத்தவர் கண்பட்டியோடு எழுந்து நின்றார்.

"பயப்படாதீங்கக்கா, அங்க கண்ணசந்தாலும் எந்திரிச்சிடுவீங்க. இப்ப எறங்குங்க."