அசையாத விரல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தொண்டை கட்டியிருக்கிறது, உரக்கப் பேச வராது. படித்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து என் தம்பி ஒருவனிடம் தோற்றுப்போன கதையைச் சொல்கிறேன்.

வண்டி மோதி அவனுக்கு மண்டையில் அடி. ஆபரேஷன் முடிந்தும் கண் திறந்திருந்ததே தவிர, ஆள் உள்ளே இருக்கிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு டீம். தலைமை டாக்டர், நர்ஸ், கைகாலை நீட்டி மடக்குகிற பிசியோக்காரன், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண். முகத்துக்கு நேரே கண்ணாடியை ஆட்டுவார்கள், காதருகே மணி அடிப்பார்கள். பிறகு கட்டிலைச் சுற்றி நின்று, சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்தவர்கள் மாதிரி, ஆளுக்கொன்று சொல்வார்கள்.

"நீங்களும் எங்க டீம்தாம்மா. பழகின குரலுக்குத்தான் முதல்ல அசைவார்" என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சொன்னதும் விரலைத் தூக்கினால், தேற்றிவிட வெளியூர்ப் பயிற்சி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தம்பி பெண்டாட்டி கூடப் போவாள். தேறினால் அவள் வீட்டுக்குத்தான் திரும்புவான். தூக்காவிட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். வேலைக்கு ஓடுகிற அவளால் ஆகுமா? என் வீடுதான். அம்மா போன பிறகு அவனை ஊட்டி வளர்த்தவள் நான். பெண்டாட்டி மூஞ்சியைப் பார்த்த நாளிலிருந்துதான் என் பேச்சு அவனுக்குக் கசந்தது.

ஒரு காலை முகம் துடைத்துவிடும்போது, "அக்காடா. தெரிஞ்சா விரலைத் தூக்கு" என்றேன். தூக்கினான். மறுபடி கேட்டேன். மறுபடி தூக்கினான்.

அவன் காதோடு சொன்னேன். "இவங்க யார் கேட்டாலும் தூக்காதே, கண்ணு. அசையறவங்களைத்தான் மறுபடி தலையைத் திறக்கக் கூட்டிட்டுப் போறாங்க. உன் பொண்டாட்டியும் சரின்னுட்டா."

குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுவதில்லையா, அந்த மாதிரிதான்.

டீம் வந்தது. கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நர்ஸ் அதைத் துடைத்துவிட்டு ஏசியைக் கூட்டினாள். அசைவைத் தேடப் படித்த பெருமக்கள். அசையாமல் இருக்க ஒருவன் படுகிற பாடு அவர்கள் படிப்பில் இல்லை.

என்னையும் கூப்பிடச் சொன்னார்கள். "தூக்குடா, ராஜா" என்று வாய் நிறையச் சொன்னேன். அவன் விரல் கல்லாகக் கிடந்தது.

தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து என் விரலைப் பிடிச்சாரு, அக்கா. நீங்களாவது சொல்லுங்களேன்."

"ஆசைக்கு அப்படித்தாம்மா தோணும்" என்றேன். பிசியோக்காரன் பெரிய ஞானி மாதிரி தலையாட்டினான். சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலையில் நோயாளி இல்லை என்று டாக்டர் முடித்துவிட்டார். அந்த அறையிலேயே சொன்னதை ஒழுங்காகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

இப்போது என் முன்னறையில் கிடக்கிறான். அவளும் அழுது ஓய்ந்து வரவைக் குறைத்துக்கொண்டாள். வந்த புதிதில், நான் தனியாக இருக்கும்போது கேட்டால் விரலைத் தூக்குவான். இப்போது நானே கேட்டாலும் தூக்குவதில்லை. கதவுப் பக்கம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறான். நான் அன்று சொன்னதை அக்காவுக்காகக்கூட மீறமாட்டேன் என்கிறான், அவ்வளவு சமத்து.

உங்கள் வீடுகளிலும் இப்படிச் சொல் தட்டாத பிள்ளைகள் நிறையட்டும். நன்றாக இருங்கள், கண்ணுகளா.