ஸ்டார்போர்ட் எங்கேருந்து வந்துச்சு

சரியாத்தான் சொல்ற. உக்காரு, எதுக்கு எழுந்து எழுந்து நிக்கிற? ஆபீசராகப் போறவன் நாற்காலி நுனியிலயா உக்காருவான்? நல்லா சாஞ்சுக்க தம்பி. இன்னும் நாலஞ்சு வார்த்தைதான்.

ஸ்டார்போர்ட்னா கப்பலோட வலப்பக்கம், அது எனக்குத் தெரியாதா? அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன். சிலபஸ்ல இல்லியா? ஓரல் பரீட்சையில ஏதுப்பா சிலபஸ்? நான் கேக்கறதுதான் சிலபஸ்.

ஆங். அந்தக் காலத்துல சுக்கான், துடுப்பு மாதிரி வலப்பக்கம் தொங்கும். ஸ்டியர் பண்ற, அதாவது ஓட்டுற பக்கம், அதான் பேரு. பலே. இடப்பக்கம் ஏன் போர்ட்? சுக்கான் நசுங்காம இருக்க அந்தப் பக்கத்தத்தான் துறையோட ஒட்டி நிறுத்துவாங்க. அடேயப்பா, கரைச்சுக் குடிச்சிருக்கியே!

வெளிய பெஞ்சுல வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, உன் சம்சாரமா? எத்தனாவது மாசம்? ஏழா? பாவம், அங்க ஃபேன்கூட இல்ல. டெக் கழுவற வேலை இன்னியோட முடிஞ்சுதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருப்ப. மூணு தடவைக்கு மேல பரீட்சை எழுத விடமாட்டாங்க, இதான் மூணாவதுன்னு சொன்னியா? சொல்லலியா. அதுவும் சரிதான், பயந்துக்கும்.

குவாரன்டீன்? ம், நாப்பது நாள். கொள்ளைநோய் ஊர்லேருந்து வந்த கப்பல நாப்பது நாள் தள்ளியே நிறுத்தி வெப்பாங்க. கரை தெரியும், கரையில ஜனம் நடமாடறது தெரியும், எறங்க மட்டும் முடியாது. எனக்கு ரொம்பப் புடிச்ச வார்த்தை அது.

தண்ணி குடி. ஒண்ணுகூடத் தப்பா சொல்லலியே நீ.

கடைசியா ஒண்ணு. போஷ்.

ஏன் தலையக் குனியற? ஒய்யாரமான பணக்காரத்தனத்துக்குப் போஷ்னு சொல்றாங்களே, அது. நான் க்ளாஸ்ல சொல்லிக் குடுத்ததுதானே? வெயில் படாத ரூம் வேணும்னு, போகும்போது போர்ட் அவுட், வரும்போது ஸ்டார்போர்ட் ஹோம்னு பணக்காரங்க டிக்கெட்ல பி, ஓ, எஸ், எச்னு நாலு எழுத்து அச்சடிப்பாங்க, அதுலேருந்து வந்ததுன்னு. பதினெட்டு வருஷமா சொன்னேன். பசங்க வாயப் பொளந்துக்கிட்டுக் கேப்பாங்க. நீ ஒருத்தன்தான் எழுந்து, அப்படி ஒரு டிக்கெட்ட யாருமே பாத்ததில்ல சார், டிக்ஷனரியில கட்டுக்கதைன்னு போட்டிருக்குன்னே. முப்பத்திரெண்டு பேரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் காரிடார்ல எனக்குப் போஷ்னே பேராயிடுச்சு. போன மாசம் பியூன்கூட அப்படித்தான் சொன்னான், காதுல விழுந்துச்சு.

அட, கண்ணத் துடை. மன்னிப்பெல்லாம் எதுக்குப்பா? மார்க் காலையிலயே போட்டாச்சு, நீ உள்ள வர்றதுக்கு முன்னாடியே. போன ரெண்டு தடவையும் அப்படித்தான்.

இல்லப்பா, நீ சொன்னது தப்பே இல்ல. அன்னிக்கே வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பாத்துட்டேன். தப்பா மட்டும் சொல்லியிருந்தியோ, மொதத் தடவையே உன்னப் பாஸ் போட்டிருப்பேன்.

சரி, கெளம்பு. அடுத்த ஆள வரச் சொல்லு.