ஈரத் தலையோடு போனவள்

டும்!

நீரோரக் கண்ணாப் பற்றைகளுக்குள் இருந்த கொக்குகள் ஒரே வீச்சில் மேலே கிளம்பின. மங்கை பெட்டியின் பிடியை விட்டுவிட்டு அப்படியே வீதியில் குந்திவிட்டாள். ஷெல் விழுந்தது எங்கோ தூரத்தில்தான்... ஆனால் காலடியில் கிறவல் மண் அதிர்ந்தது.

மாலை ஐந்தே முக்கால். துறைக்குப் போகும் ஒற்றைக் கிறவல் வீதி. ஒரு சைக்கிள் இல்லை. ஒரு மாடு கூட இல்லை. இடப்பக்கம் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வட்டை. வலப்பக்கம் கடலோடு சேரும் உப்புநீர்க் களப்பு. காற்றில் சேற்று மணம்.

இது எங்களோடு படிப்பிக்கிற நல்லரத்தினம் சேரின் தூரத்து மருமகளுக்கு நடந்த கதை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஆவணி மாதம். லாம்பைத் தணிக்கச் சொல்லவில்லை, எரியட்டும். ஆனால் யாரும் கதவுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

மங்கை என்றால் மங்கையற்கரசி. நாலு வயதில் தாய் சீதேவிப்பிள்ளையோடு நோர்வேக்குப் போனவள். அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுக்கென்று ஊருக்கு வந்திருந்தாள். நம் பக்கத்தில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குத்தானே போகும்... அந்தக் குடிவழி பற்றித்தான் படிப்பு. களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையில் தாயின் அக்கா ஆச்சிப்பிள்ளையின் வீட்டில் தங்கினாள். பெரியம்மா தனிக்கட்டை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை என்று தாய் சொல்லியிருந்தாள்.

வந்தபோது சமாதான காலத்தின் வால் இன்னும் மிச்சம் இருந்தது. போகும்போது யுத்தம் மூண்டுவிட்டது. படுவான்கரை இயக்கத்தின் கையில், எழுவான்கரை ஆமியின் கையில், நடுவில் களப்பு. ஆறு மணிக்குப் பிறகு தோணி இல்லை. வியாழன் இரவு கொழும்பில் விமானம். புதன்கிழமையே அக்கரை போய்விட வேண்டும் என்பது திட்டம்.

அந்தப் புதனில் அவள் விடிய எழும்பவில்லை. கண் விழித்தபோது வீட்டுக்குள் மஞ்சள் வெயில் சரிந்திருந்தது. தலை கனத்தது. பெரியம்மாவைக் காணவில்லை. பதறியடித்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். இந்தத் தோணியைப் பிடித்தால் இரவு பஸ். இரவு பஸ்ஸைப் பிடித்தால் வீடு.

துறையில் தோணிக்காரர் கந்தப்போடி தோணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நல்ல பகிடிக்காரர். அவள் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்த நாளெல்லாம் ஒரே பகிடிதான், வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துப் போகவிடமாட்டார்கள் என்ற ஊர்ப்பேச்சை வைத்து.

"கவனம் புள்ள. மட்டக்களப்பார் வந்த ஆக்களப் பாயோட ஒட்டவெச்சிருவாங்க."

"நானும் மட்டக்களப்புத்தான் மாமா. எனக்கு ஒட்டாது."

இன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. அவளைக் கண்டதும் கையிலிருந்த கயிறு நழுவியது. முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கால்களைப் பார்த்தார்... வெகுநேரம்.

"மாமா, நில்லுங்க. நானும் வாறன்."

"நீங்கதான் போயிட்டீங்களே புள்ள."

"எங்க?"

"புதன்கிழமை விடிய. நான்தானே ஏத்திப் போனன்."

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. "இண்டைக்குத்தான் மாமா புதன்."

"இண்டைக்குச் சனி."

களப்பில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. ப்ளக்...

செவ்வாய்க்கிழமை இரவு அவளுக்கு நினைவு வந்தது. பெரியம்மா கூடத்தின் நடுவே புதுப் பன்பாய் விரித்தாள். "கடைசி ராவு. இதுல இரிந்து சாப்பிடு மகள்" என்றாள். இறால் ஆணம், எருமைத் தயிர். பாயிலிருந்து புல் மணம் வரவில்லை. களப்புச் சேற்று மணம்தான் வந்தது. பன் ஈரத்தில் வளர்வதுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ட கண்ணகைக்கும் உனக்கும் ஒரே வயசு" என்றாள் பெரியம்மா.

சோற்றில் அளைந்த கை நின்றது. "ஆரு பெரியம்மா கண்ணகை?"

"உங்கம்மா செல்லல்லையா?"

பெரியம்மா அழவில்லை. கோபப்படவும் இல்லை. அடுப்படிக் கதை சொல்வது போலச் சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டு. ஊரே ஓடிய இரவு. துறையில் ஒரே ஒரு தோணி.

"ரெண்டு பேருக்குத்தான் இடம் இருந்திச்சி. உங்கம்மா உன்னத் தூக்கிக்கிட்டு ஏறினாள். அக்கா, தோணியத் திருப்பி அனுப்புறன், கண்ணாவுக்குள்ள ஒளிச்சிரி எண்டாள். நான் கழுத்தளவு தண்ணியில நிண்டன், புள்ளயத் தோள்ல வெச்சிக்கிட்டு. ராவு முழுக்க... தோணி வரல்ல. விடியக்குள்ள பாத்தன், தோள்ல பாரம் இல்ல."

மங்கை எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் போட்டாள். பதினாறு வருடம். இந்த மனுசிக்குப் பிள்ளையே இல்லை என்று தாய் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். வாய் கூசாமல், சாதாரணமாக, சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு.

"சரி, அத விடு" என்றாள் பெரியம்மா. "இந்த வீட்டுக்கு இனி ஆரு? எனக்கு மகள் எண்டா நீதானே. ஓம் எண்டு ஒருக்காச் செல்லு."

அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது? தாய் செய்ததற்கு ஒரு ஆறுதலாவது கொடுக்க வேண்டாமா?

"ஓம் பெரியம்மா."

வீடு வீடாகப் போய்க் குடிவழி கேட்டு எழுதியவள்தான். இருந்தும் அந்தப் பாயில் இருக்கும்போது அவளுக்கு அது உறைக்கவில்லை. நம் வழக்கத்தில் வீட்டை ஏற்கிறவள் மகள். மகள் வீட்டை விட்டுப் போவதில்லை. மருமகன்தான் வருவான்.

பெரியம்மா அவளுடைய உச்சியில் கொஞ்சினாள். உதடு சில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு... ஒன்றும் நினைவில்லை.

"மாமா, வடிவாச் செல்லுங்க" என்றாள் மங்கை. குரல் அவளுடையது போலவே இல்லை. "ஆர ஏத்தினீங்க?"

"உங்களத்தான். இதே முகம், இதே சட்டை. தலை மட்டும் ஈரம். குளிச்சிட்டு வாறீங்க எண்டு நினைச்சன். அக்கரை போகக்குள்ள நல்ல வெயில் ஏறிட்டு... மயிர் காயல்ல. சொட்டிக்கிட்டே வந்திச்சி. தோணிக்குள்ள தண்ணி தேங்கிப் போயிட்டு. ஒரு கதையும் இல்ல. நீங்க எண்டா வாய் ஓயாதே. அப்பவே யோசிச்சன்."

"அவள் தனியவா வந்த?"

"இல்ல. பெரியம்மாதான் கூட்டி வந்தா. கட்டிப் பிடிச்சிக் கொஞ்சினா. அழுதுக்கிட்டே ஒண்டு சொன்னா..."

"என்ன?"

"இந்த முறை தோணி வந்திட்டு மகள், எண்டா."

மங்கை மண்ணில் முழங்காலிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உடுப்பு இருந்தது. ஆய்வுக் கடதாசிகள் இருந்தன. கடவுச்சீட்டும் டிக்கட்டும் வைத்த பை தட்டையாகக் கிடந்தது. உள்ளே கை விட்டாள். சளசளவென்று ஈரம். விரல் நுனியில் கரும் சேறு.

டும்! இந்த முறை கிட்டத்தில்.

கந்தப்போடி கோலை ஊன்றித் தோணியைத் தள்ளினார்.

"மாமா, என்னையும் ஏத்துங்க. காலப் பிடிக்கிறன்."

"குறை நினைக்காத புள்ள. போன ஆள நான் திரும்ப எப்பிடிக் கொண்டு போற?"

தோணி விலகியது. அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் புள்ள, புள்ள என்று கூப்பிட்ட மனிதர்.

ஊருக்குள் எங்கேயும் கைத்தொலைபேசி எடுக்காது. அக்கரைக் கோபுரத்தின் புண்ணியத்தில் துறையில் மட்டும் எடுக்கும். மங்கை கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்று எண்களை அழுத்தினாள். விரல் வழுக்கியது. தாய் பொய் சொன்னவள்தான்... என்றாலும் தாய். மகளின் குரலைக் கேட்டால் போதும். யாரையாவது பிடித்து, எப்படியாவது இங்கிருந்து வெளியே எடுத்துவிடுவாள்.

ஒருமுறை மணி அடித்தது... இரண்டாம் முறை... எடுபட்டது.

"அம்மா, நான் மங்கை. நான் இன்னும் இஞ்சதான் நிக்கிறன். என்னைக் கூப்பிடுங்கம்மா."

மறுமுனையில் கரண்டி கோப்பையில் படும் ஓசை. பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு குரல். மங்கையின் சொந்தக் குரல்.

"அம்மா... போன்ல ஆரு?"

தாய் நடந்து போகும் காலடிகள். ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. பூட்டில் திறப்பு ஒருமுறை திரும்பியது. மூச்சு மட்டும் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம். மங்கை தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் தாய் பேசினாள். பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்ற மாதிரி, மிக மெல்லிய குரலில்.

"உங்கம்மாவத் தனிய விட்டிராத, கண்ணகை."