விருந்தாளிக்கு வாசல், வாங்க வருபவர்க்கு ஜன்னல்

ஊசிமிளகாயே! அடி ஊசிமிளகாயே! உனக்குப் போட்ட மேடையில் நான் ஏறி நிற்கிறேனடி. அழைப்புக் கடிதத்தில் உன் பெயர்தான் இருந்தது. எழுதியவர்களுக்கு அப்போது செய்தி எட்டவில்லை. எட்டிய பிறகு, அந்த மருமகளைப் பற்றி மாமியாரே வந்து பேசட்டும் என்றார்கள். வந்துவிட்டேன்.

நடுநாற்காலியில் வீற்றிருந்து இந்த அவையை நடத்தும் ரஃபோவத் அம்மா அவர்களே! வெள்ளைத் தாடியும் வெல்லப் பேச்சுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பேட்டைப் பெரியவர்களே! பெற்ற வயிற்றாலும் பேசும் வாயாலும் நம் இஸ்ஃபரா ஊரைத் தாங்கும் தாய்மார்களே! மாமியாரிடம் வேறு ஏதோ சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கும் மருமகள்களே! அவர்களைத் தேடிக்கொண்டு வந்து, இங்கேயே உட்கார்ந்துவிட்ட மாமியார்களே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும். நெஞ்சில் கை வைத்து வணங்குகிறேன்.

என் பெயர் சபோகத். நாலாம் வகுப்போடு நின்றவள். "வீட்டிலிருந்தே தொழில் தொடங்குவது எப்படி" என்று என் முதுகுக்குப் பின்னால் துணியில் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். எனக்கு அது தெரியாது. என் மருமகள் முன்சிஃபாவுக்குத் தெரியும். அவள் செய்ததைச் சொல்கிறேன். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் திலோவர் கொத்தனார். ஏழு வருடம் ரஷ்யாவில் வீடு கட்டினான். பனி உருகினால் விமானம் ஏறுவான், பனி விழுந்தால் திரும்பி வருவான். வருடத்துக்கு மூன்று மாதம் அவளுக்குப் புருஷன். மீதி ஒன்பது மாதம் கைபேசிக்குள்ளே ஒரு முகம். இந்த அவையில் எத்தனை பேருக்கு அப்படி? கை தூக்க வேண்டாம், தெரியும். முன்சிஃபாவுக்கு நகை மேல் ஆசை இல்லை, பட்டு மேல் ஆசை இல்லை. ஒரே ஓர் ஆசை. ஏதாவது ஒரு வசந்தத்தில் திலோவர் விமானம் ஏறாமல் வீட்டில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அத்தே, நான் சம்பூசா போட்டு விக்கப்போறேன்."

"யாருக்குடி?"

"திங்குறவங்களுக்கு."

"வீட்டுல வச்சா?"

"பின்ன, மலை உச்சியில வச்சா?"

அதுதான் என் ஊசிமிளகாய். ஆள் ஒல்லி, வாய் உறைப்பு.

தாய்மார்களே, அவள் புதிதாக என்ன வாங்கினாள் தெரியுமா? ஒன்றும் வாங்கவில்லை! முற்றத்தில் தந்தூர் அடுப்பு இருந்தது. கையில் பக்குவம் இருந்தது. மாவுக்குள் வைத்து மடிக்க ஆட்டுக்கறி, வெங்காயம், தோட்டத்துப் பூசணி. அவ்வளவுதான். முதலில் பாத்திரம் வாங்கலாம், பெயர்ப்பலகை எழுதலாம், பிறகு அடுப்பு மூட்டலாம் என்று காத்திருக்கிறவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள். அவள் வெள்ளிக்கிழமை நினைத்தாள், சனிக்கிழமை சுட்டாள்.

சுட்டது நாற்பது. விற்றது ஒன்பது. ஏன்? ருசி இல்லையா? தெருமுனை வரை மணந்தது! ஆள் வரவில்லையா? வந்தார்கள், வரிசையாக வந்தார்கள்! பின்னே ஏன் விற்கவில்லை? என்னால்தான்.

பக்கத்து வீட்டு உமிநிசோ வந்தாள். உமிநிசோ, நீ இங்கேதானே இருக்கிறாய்? முகத்தை மூடாதே, உன்னைக் குறை சொல்லமாட்டேன். வாசலில் நின்று, "முன்சிஃபா, நாலு சம்பூசா குடும்மா" என்றாள். நான் விடுவேனா?

"வாசல்ல நின்னா கேக்குறது? நீ என்ன அந்நியமா? உள்ள வா!"

துணி விரித்தேன். ரொட்டியைப் பிய்த்து வைத்தேன். பாதாம், உலர்ந்த சர்க்கரைப்பாதாமி, கற்கண்டு எல்லாம் வைத்தேன். தேநீரைக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுவதுதானே நம் மரியாதை? நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று ஆகிவிடும். நான் கொஞ்சம் ஊற்ற, அவள் குடித்துவிட்டு நீட்ட, நான் கொஞ்சம் ஊற்ற, அவள் நீட்ட, மூன்று கெண்டி தீர்ந்தது. முழங்கால் வலியைச் சொன்னாள். அக்காள் மகளின் நிச்சயதார்த்தத்தைச் சொன்னாள். பிற்பகல் தொழுகை நேரத்தில் எழுந்தாள். வெறுங்கையோடு அனுப்பலாமா? ஆறு சம்பூசாவைத் துணியில் கட்டிக் கொடுத்தேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் வேறு மாதிரியா?

"அத்தே, காசு?" என்றாள் முன்சிஃபா.

"வெக்கமா இல்லையாடி? விருந்தாளிகிட்ட காசு கேப்பியா?"

"அவங்க வாங்க வந்தவங்க, அத்தே!"

"வாசப்படி தாண்டிட்டா விருந்தாளிதான். எங்க அம்மா வீட்டுலயும் அப்படித்தான், உங்க அம்மா வீட்டுலயும் அப்படித்தான்."

அப்படி ஒரு மாதம் ஓடியது. அக்கம்பக்கம் முழுவதும் வயிறு நிறைந்தது, எங்கள் மாவு மூட்டை காலியானது. வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள், என்னோடு சண்டை போட்டிருப்பாள், அடுப்பை அணைத்திருப்பாள். என் மருமகள் அழவில்லை, அணைக்கவில்லை. இரண்டு நாள் முற்றத்துச் சுவரையே முறைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"அத்தே, வாசப்படி தாண்டினாத்தானே விருந்தாளி?"

"ஆமா."

"தாண்டவே விடலன்னா?"

தெருப்பக்கம் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டப்போவதாகச் சொன்னாள். என் தலையில் இடி விழுந்தது. பெரியவர்களே, நம் பழைய பேட்டையில் எந்த வீட்டுக்குத் தெருவைப் பார்த்து ஜன்னல் உண்டு? நம் ஜன்னல் எல்லாம் முற்றத்தைப் பார்க்கும். தெருவுக்கு வெறுஞ்சுவரைத்தான் காட்டுவோம். அந்தச் சுவரில் ஓட்டை போட்டு, என் வீட்டுப் பெண் முகத்தை ஊருக்குக் காட்டுவதா? மகனுக்குப் போன் போட்டேன். நன்றாகத் திட்டு வாங்குவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, அந்தச் சுவரக் கட்டுனவன் நான்தான். போனை அவகிட்ட குடு."

கொடுத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "முதல்ல மேல கட்டையக் குடுத்துட்டு அப்புறம் செங்கல உருவு. கீழேருந்து ஆரம்பிச்சா சுவரு உன் தலையிலதான் விழும்!" ரஷ்யாவில் ஏழாவது மாடியில் நின்றுகொண்டு புருஷன் சொல்கிறான், இஸ்ஃபராவில் ஏணி மேல் நின்றுகொண்டு பெண்டாட்டி செங்கல் உருவுகிறாள்! என்ன குடும்பம் இது! நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று நாள். யாரும் கூப்பிட வரவில்லை. நானாகவே திரும்பினேன். தெரு திரும்பியதும் பார்த்தேன், என் வீட்டுச் சுவரில் சின்ன ஜன்னல், அதன் முன்னால் ஏழெட்டுப் பேர். வாசல் பக்கம் போகக் கூச்சமாக இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"எத்தனை வேணும்?" என்றாள், நிமிர்ந்து பார்த்துக்கொண்டே.

"நான்டி."

"கறி வைக்கவா, பூசணி வைக்கவா?"

"முன்சிஃபா, நான் உன் மாமியார்டி!"

"மாமியாருன்னா வாசல் அந்தப் பக்கம். இங்க நின்னா ஒண்ணுக்கு மூணு சொமோனி காசு. பின்னால ஆள் நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க."

பின்னால் நின்ற டிராக்டர்காரன், "அக்கா, அந்தப் பொண்ணுகிட்ட பேரம் படியாது. வாங்கிட்டு நகருங்க" என்றான்.

வாங்கினேன், சபையோரே! என் வீட்டு அடுப்பில் சுட்டதை, என் வீட்டுச் சுவருக்கு வெளியே நின்று, காசு கொடுத்து வாங்கினேன்! பிறகு சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கதவைத் திறக்குமுன்னே ஓடி வந்தாள். மூட்டையை வாங்கினாள். கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். துணி விரித்தாள், ரொட்டி பிய்த்தாள், கிண்ணத்தில் கொஞ்சமாகத் தேநீர் ஊற்றினாள்.

"வாங்க அத்தே. நீங்க இல்லாம மூணு நாளா வீடு வீடாவே இல்ல."

அன்றைக்கு எனக்கு விளங்கியது. இவள் நம் பழக்கத்தை உடைக்கவில்லை, அதற்கு ஓர் எல்லை வைத்தாள். வாசல் வழி வந்தால் உயிரையும் கேளுங்கள். ஜன்னல் வழி வந்தால் விலையைக் கேளுங்கள். உமிநிசோ முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் வாரம் வாசல் வழி வந்து தேநீர் குடித்தாள், வெளியே போய் ஜன்னல் வழி நாலு சம்பூசா வாங்கினாள்.

இன்னும் கேளுங்கள். மூன்று வகைக்கு மேல் அவள் சுடவில்லை. கறி, பூசணி, வசந்தத்தில் மலைக்கீரை. "அத்தே, முப்பது வகை செஞ்சா முப்பதும் சுமார்தான்" என்பாள். மாவு உருண்டையைத் தேநீர்க் கிண்ணத்தில் அளப்பாள். பணக்காரிக்கும் அதே அளவு, பள்ளிக்கூட ஆயாவுக்கும் அதே அளவு. கருகியது ஜன்னலுக்குப் போகாது, நாங்கள்தான் தின்போம். மதியத் தொழுகைக்கு ஜன்னலைச் சாத்தினால் யார் தட்டினாலும் திறக்கமாட்டாள்.

ஒரு பெரிய வீட்டு அம்மா காரில் வந்து இறங்கினார். நாளைக் காலைக் கல்யாணத்துக்கு அறுநூறு வேண்டும் என்றார். என் வாயில் 'சரி' வந்துவிட்டது. முன்சிஃபா முந்திக்கொண்டாள்.

"என் கையி முந்நூறுதான் சுடும், அம்மா. மிச்சத்துக்கு மூணாம் தெரு சவ்ரிகிட்ட கேளுங்க. நல்லா சுடுவா."

"போட்டிக்காரிய நீயே வளத்து விடுறியேடி!" என்றேன் உள்ளே வந்ததும்.

"அறுநூறையும் நானே சுட்டா பாதி வேகாது, அத்தே. அந்தம்மா ஊரெல்லாம் சொல்லும். அது மட்டுமா, சவ்ரி புருஷனும் ரஷ்யாவுலதானே இருக்காரு?"

இன்று எங்கள் பக்கம் மூன்று தெருக்களில் ஐந்து ஜன்னல்கள். வெட்டித் தந்தது யார்? என் மகன்! ஆமாம் தாய்மார்களே, போன வசந்தத்தில் அவன் விமானம் ஏறவில்லை! பனி உருகியது, கூட்டாளிகள் கிளம்பினார்கள், திலோவர் முற்றத்தில் இரண்டாவது தந்தூர் கட்டிக்கொண்டிருந்தான். முன்சிஃபா பாட்டு முணுமுணுத்தபடி கீரை நறுக்கினாள். எந்த ஆணும் எந்த அதிகாரியும் தரமுடியாததை, இரண்டு கையாலும் ஒரு பிடி மாவாலும் அவளே சம்பாதித்தாள். தன் புருஷனைத் தன் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். இதைவிடப் பெரிய தொழில் எது? இதைவிடப் பெரிய லாபம் எது?

அவள் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதையும் சொல்லவேண்டும். ஊருக்கு மூடும் நேரம் வைத்தவள், தன் உடம்புக்கு வைக்கவில்லை. பனிக்காலக் கடைசியில் நெஞ்சில் சளி கட்டியது. "இன்னிக்கு ஒரு நாள் சுட்டுடுறேன், அத்தே" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது காய்ச்சல் நுரையீரலைப் பிடித்திருந்தது. பெண்களே, உங்கள் உடம்பு கூப்பிட்டால் உடனே கேளுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நாற்பது நாள் துக்கம் முடிந்தது. நாற்பத்தோராம் நாள் திலோவரே அடுப்பு மூட்டினான். இடைவேளையில் நீங்கள் சாப்பிடப்போவது அவன் சுட்டது. மடிப்பு கோணல்தான், அவன் கை செங்கல் பிடித்த கை. ஆனால் அளவு சரியாக இருக்கும்.

என்னைப் பேச அழைத்த தலைவி அம்மாவுக்கும், ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கித் தந்த பிள்ளைக்கும், என்னோடு சேர்ந்து சிரித்த உங்களுக்கும் நன்றி. உங்கள் அடுப்புகள் எரியட்டும், உங்கள் ஆண்கள் வீடு திரும்பட்டும். போய் வருகிறேன்.

ஆனால், முன்சிஃபா, உன்னிடம் ஒன்று கேட்காமல் இறங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை இந்த வருடத்து ஆட்கள் கிளம்புகிறார்கள். பழைய மேஸ்திரி திலோவரைக் கூப்பிட்டிருக்கிறார். நேற்று மாவு பிசைந்துகொண்டே, "அம்மா, போகவா?" என்று கேட்டான். நம் முற்றத்தில் எதைப் பார்த்தாலும் அவன் கண் கலங்குகிறது. அங்கே கீழே உட்கார்ந்திருக்கும் அக்கா, என்ன சொன்னீர்கள்? அவனை வீட்டில் இருக்கச் சொல்லவா? சொல்லலாம். ஆனால் நான் சொன்னால் அது கிழவியின் பயம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் உன் பேச்சைத்தானே கேட்பான், முன்சிஃபா? நீ எனக்கு ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மூச்சு விடவே உனக்கு நேரம் போதவில்லை. ஆனாலும் கேட்கிறேன், கண்ணே. 'போகாதே' என்று நீ சொன்னதாக அவனிடம் சொல்லிவிடட்டுமா?