சிவந்துபோன ஃபில்டர்

— சாப்பிடுற மேசையில என் டயாலிசிஸ் ஃபில்டரைப் பிளந்து போட்டிருக்கியே, இன்ஜினியரம்மா! நான் டீயை எங்க வைக்கிறது?

— கையிலயே வச்சுக்கோங்க. இங்க பாருங்க, முடி மாதிரி எத்தனை ஆயிரம் குழல்! எல்லாம் வெள்ளையா இருக்கணும். பாதி சிவந்து கிடக்குது. உள்ள ரத்தம் உறைஞ்சுபோச்சு.

— உன் புது ஃபில்டரைச் சோதிச்சுப் பார்க்குற மத்தவங்களுது?

— பதினோரு பேரோடதும் பளிச்சுன்னு வந்திருக்கு. உங்களுது மட்டும்தான் மூணு வாரமா இப்படி.

— அப்புறம் என்ன? பன்னெண்டுல பதினொண்ணு பாஸ். நாளைக்கு மீட்டிங்ல நெஞ்சை நிமிர்த்திச் சொல்லு.

— இந்தக் குழலுக்கு நான் உருவாக்கின சவ்வு வேண்டாம்னு சொல்லப்போறேன்.

— லூசா நீ? நாலு வருஷம் என்னைவிட இதோடதான் குடும்பம் நடத்தின! டெய்லர் சொல்றேன், கேளு. ஒரு சட்டையில தையல் விட்டுப்போச்சுன்னா துணியையேவா தூக்கிப் போடுவாங்க?

— அந்த ஒருத்தர் நீங்களாச்சே! உறையுற ஒவ்வொரு தடவையும் உங்க ரத்தம் வீணாப் போகுது. முகம் வெளுத்துக்கிட்டே வருது. ஊருக்கெல்லாம் இது நல்லதுன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்?

— எனக்கு அரிப்பு நின்னுபோச்சு, அது தெரியுமா? முன்னாடியெல்லாம் முதுகு சொறிய ஸ்கேலைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். இப்ப அது ஒழுங்கா கடையில துணி அளக்குது.

— அதுக்குத்தானே சவ்வுல இருக்கிற ஓட்டையோட அளவுக்கு அப்படி மண்டையை உடைச்சுக்கிட்டேன். அரிப்பெடுக்க வைக்கிற கழிவு வெளிய போகணும், சத்து போகக் கூடாது... பேச்சை மாத்தாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மருந்து போடுறாங்களா?

— போடுறாங்க.

— மிஷின்?

— அதையும் மாத்திப் பார்த்துட்டாங்க.

— ஊசி குத்தின கையை நீட்டியேதானே வச்சிருக்கீங்க? மடக்கினா ரத்தம் நின்னு நின்னு வரும், உறைஞ்சுடும்.

— டீ ஆறிப்போச்சு.

— என்னங்க. என்னைப் பாருங்க.

— திட்டமாட்டியே?

— சொல்லித் தொலைங்க!

— மடக்குறப்பல்லாம் மிஷின் மணி அடிக்கும், நர்ஸம்மாவும் கத்தும். கேட்கத் தோணல.

— எதுக்கு மடக்குறீங்க? வலிக்குதா?

— வலியெல்லாம் இல்லடி. புது ஃபில்டர் போட்ட முதல் நாள், வீடியோ கால்ல என் கையில அந்த ரெண்டு ஊசியையும் பார்த்துட்டு நீ தேம்பித் தேம்பி அழுத. அதுலருந்து, நீ வீடியோ கால்ல வந்தா, பேசி வைக்கிற வரைக்கும் அந்தக் கையை மடக்கிப் போர்வைக்குள்ள ஒளிச்சுக்கறேன்.